இரட்டை அடுக்கு வலைத்துணி ஷார்ட்ஸில் பல வண்ண ஸ்கிரீன் பிரிண்டிங்: வண்ணங்கள் விலகாமல் அச்சிடுவது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இப்படி வரும்: கருஞ்சிவப்பு நிறத்தில், இரண்டு அடுக்கு பாலியஸ்டர் வலைத்துணியால் தைத்த விளையாட்டு ஷார்ட்ஸின் இடது காலில் வெள்ளை, மஞ்சள், கறுப்பு ஆகிய மூன்று வண்ணங்களில் ஓர் அணிச் சின்னத்தை அச்சிட வேண்டும். பருத்தி டி-ஷர்ட்டில் மிகச் சரியாக விழுகிற அதே ஸ்கிரீன்கள் (வண்ணத்துக்கு ஒன்றாகச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைகள்) இந்த ஷார்ட்ஸில் மட்டும் ஒன்றோடொன்று பொருந்தாமல் விலகுகின்றன. மை துளைகளின் வழியே இறங்கி உள் அடுக்கையும் ஒட்டிவிடுகிறது. எந்த மை வாங்கினால் இது சரியாகும்? கேள்வி மையைப் பற்றியதாக அமைந்திருந்தாலும், நீங்கள் விவரித்திருக்கும் இரண்டு சிக்கல்களும் மையை மாற்றுவதால் மட்டும் தீரக்கூடியவை அல்ல. விளையாட்டு உடைகளில் பல ஆண்டுகளாக அச்சிட்டு வருபவன் என்ற முறையில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது, இந்த வேலை துணியை அசையாமல் பிடிப்பதிலும் அதைச் சூடாக்கும் தடவைகளைக் குறைப்பதிலும்தான் நிற்கிறது என்பதே. மை அதற்கு அடுத்துத்தான் வருகிறது. ஆனால் உங்கள் துணி கருஞ்சிவப்பு பாலியஸ்டர் என்பதால் மையிலும் ஓர் ஆபத்து காத்திருக்கிறது. அதை நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லாமல் விடுவது சரியாகாது.

முதலில் விலகல் எங்கிருந்து வருகிறது என்பதைப் பிரித்துப் பார்த்துவிடுங்கள். நீளாத, சுருங்காத ஒரு நான்-வோவன் தாளைப் பேலட்டில், அதாவது துணியை ஒட்டிக் கிடத்தும் அச்சுப் பலகையில் ஒட்டி, மூன்று ஸ்கிரீன்களையும் ஃப்ளாஷுடன் (வண்ணங்களுக்கு நடுவே மையை இலேசாகக் கெட்டியாக்கத் தரும் சூடு) சேர்த்து அச்சிட்டுப் பாருங்கள். அதில் ரிஜிஸ்ட்ரேஷன், அதாவது வண்ணங்கள் ஒன்றோடொன்று பொருந்துவது, சரியாக விழுந்தால் உங்கள் இயந்திரத்திலும் ஸ்கிரீனிலும் குறை இல்லை. பிறகு நான்கைந்து ஷார்ட்ஸில் அச்சிட்டு, விலகல் எந்தப் பக்கம் எவ்வளவு என்று ஒவ்வொன்றிலும் அளந்து பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே பக்கம் ஒரே அளவு விலகியிருந்தால் ஸ்கிரீனை நகர்த்தி ஈடுகட்டலாம். ஒன்றில் இடப்பக்கமும் மற்றொன்றில் மேல்பக்கமும் விலகியிருந்தால் துணிதான் நகர்கிறது. அந்த நிலையில் ஸ்கிரீனை எத்தனை முறை திருத்தினாலும் பயன் இருக்காது. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது இந்த இரண்டாவது வகை என்றே தோன்றுகிறது.

அது ஏன் நகர்கிறது என்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு. ஷார்ட்ஸைப் பேலட்டில் ஏற்றும்போது பேலட் பசை உள் அடுக்கை மட்டுமே பிடிக்கிறது. நீங்கள் அச்சிடும் வெளி அடுக்கோ அதன் மேல் பிடிமானம் இல்லாமல் கிடக்கிறது. மையை ஸ்கிரீன் வழியே தள்ளும் ரப்பர் பட்டையாகிய ஸ்குவீஜியை இழுக்கும்போது அது கொஞ்சம் முன்னால் தள்ளப்படுகிறது. ஸ்கிரீன் மேலே எழும்போது பசைத்தன்மையுள்ள மை அதைத் தன்னோடு தூக்கி வேறோர் இடத்தில் விடுகிறது. இவை இரண்டையும் விடப் பெரியது மூன்றாவது காரணமாகிய ஃப்ளாஷ். பாலியஸ்டர் பின்னல் துணி சூடானால் சுருங்கும். ஆலையில் ஹீட் செட் (சூட்டால் துணியின் அளவை நிலைப்படுத்துவது) சரியாகச் செய்யப்படாத துணி கூடுதலாகவே சுருங்கும். வெளி அடுக்கு சூட்டை நேரே வாங்குவதால் முதலில் சுருங்குகிறது, பேலட்டோடு ஒட்டிய உள் அடுக்கு அவ்வளவு சுருங்குவதில்லை. வெள்ளை விழுந்த அளவு ஒன்று, அதன் மேல் மஞ்சள் வரும்போது துணியின் அளவு வேறு. நூலளவு வித்தியாசம் போதும், ஓரங்களில் சிவப்புத் துணி எட்டிப் பார்க்கத் தொடங்கிவிடும்.

ஆகவே முதல் வேலை, ஷார்ட்ஸின் காலைப் புரட்டி இரண்டு அடுக்குகளும் கீழ் மடிப்பில் சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பது. இதைப் பார்க்காமல் நான் ஒரே வழியைச் சொல்ல முடியாது, ஏனென்றால் இரண்டு தையலும் சந்தையில் உண்டு. இடுப்புப் பட்டையில் மட்டும் இணைந்து, கீழே இரண்டும் தனித்தனியாகத் தொங்கினால் உங்கள் வேலை பாதி முடிந்தது. காலுக்கு ஏற்ற குறுகிய பேலட்டை இரண்டு அடுக்குகளுக்கும் நடுவே நுழைத்து, வெளி அடுக்கை மட்டும் பேலட்டில் ஒட்டிவிடுங்கள். அந்தக் கணத்தில் அது ஒற்றை அடுக்குத் துணியாகிவிடுகிறது; பசை நேராக அச்சு விழும் துணியைப் பிடிக்கிறது, உள் அடுக்கில் மை இறங்குவதும் நின்றுவிடுகிறது. ஆனால் துளைகளின் வழியே வரும் மை இப்போது பேலட்டில் படியும். பேலட்டின் மேல் பேலட் டேப்போ தாளோ ஒட்டி, மை தடித்துவரும்போது மாற்றிக்கொண்டே இருங்கள். படிந்த மையைத் துடைக்காமல் விட்டால் அடுத்த ஷார்ட்ஸின் பின்புறத்தில் அது ஒட்டும். மேடு தட்டிய இடத்தில் அச்சும் சீராக விழாது.

இந்த முறையில் பலர் கோட்டை விடுவது அச்சு முடிந்து பேலட்டிலிருந்து எடுக்கும் நேரத்தில்தான். மேற்பரப்பு ஃப்ளாஷில் காய்ந்திருந்தாலும், துளைகளுக்குள் இறங்கிய மை பின்பக்கத்தில் இன்னும் ஈரமாகவே இருக்கும். ஷார்ட்ஸை அப்படியே தட்டையாக டிரையரில் விட்டால் அந்த ஈர மை உள் அடுக்கைத் தொட்டு, அங்கேயே வெந்து, இரண்டையும் நிரந்தரமாக ஒட்டிவிடும். நீங்கள் சொன்ன இரண்டாவது சிக்கல் இந்த இடத்திலும் பிறக்கலாம். எடுத்தவுடன் இரண்டு அடுக்குகளுக்கும் நடுவே சிலிக்கான் பூசிய தாளையோ டெஃப்லான் ஷீட்டையோ வைத்து, அதோடு சேர்த்து டிரையரில் விடுங்கள். வெளியே வந்து ஆறிய பின் தாளை உருவினால் சுத்தமாகப் பிரிந்துவரும்.

இரண்டு அடுக்குகளும் கீழேயும் சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தால், அவற்றை அச்சிடும் நேரத்துக்காவது ஒரே துணிபோல ஆக்க வேண்டும். பேலட்டில் பசை சற்றுத் தாராளமாக இருக்கட்டும். ஷார்ட்ஸை ஏற்றி, உள் அடுக்கு சுருக்கமின்றிப் படிந்ததை விரலால் தடவி உறுதி செய்த பிறகு, வெளி அடுக்கை ஒரு ரோலரால் அழுத்தினால் உள் அடுக்கின் துளைகளின் வழியே வரும் பசை வெளி அடுக்கையும் ஓரளவு பிடிக்கும். அது போதாவிட்டால் துணிக்கான வெப் ஸ்ப்ரே பசையை அச்சு விழும் இடத்தில் மட்டும் மெல்லிய பனிபோலத் தெளிக்கலாம். மிஞ்சினால் கறை தெரியும் என்பதால் இதை முதலில் ஒரு வீணான ஷார்ட்ஸில் சோதித்துப் பார்ப்பது நல்லது. இவ்வகை ஷார்ட்ஸில் முதல் வண்ணமான வெள்ளையே துளைகளின் வழியே இறங்கி இரண்டு அடுக்குகளையும் பிணைத்துவிடும். முதல் ஃப்ளாஷுக்குப் பிறகு அசைவு பெரிதும் குறைவதை நீங்களே காண்பீர்கள். அதற்கு விலையாக அச்சிட்ட இடம் விறைப்பாகவும் காற்றோட்டம் இல்லாமலும் போகும். சின்னம் உள்ளங்கை அளவுக்குள் இருந்தால் அணிபவருக்கு அது பெரிய இடையூறு இல்லை. கால் முழுவதும் பரவும் வடிவம் என்றால் நான் இந்த முறையைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஏற்றும் விதத்திலும் கவனம் தேவை. வலைத்துணி எளிதில் இழுபடும். இழுத்து நேராக்கி ஒட்டினால் அச்சு அழகாக விழும், பேலட்டிலிருந்து எடுத்தவுடன் துணி தன் அளவுக்குத் திரும்ப, வட்டம் முட்டை வடிவமாகிவிடும். பக்கத் தையலையும் கீழ் மடிப்பையும் குறியாக வைத்து, துணியை இழுக்காமல் கிடத்தி, மேலிருந்து அழுத்தி மட்டும் ஒட்டுங்கள். பேலட்டின் பரப்புக்குள் தையலோ பாக்கெட் விளிம்போ வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கிரீனுக்கும் துணிக்கும் உள்ள இடைவெளியைத் துணியின் தடிமனுக்கு ஏற்ப 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை வைத்தால், ஸ்கிரீன் துணியை இழுத்துக்கொண்டு எழாமல் சட்டென்று விடுபடும். அதற்கு ஸ்கிரீனின் இழுவிசையும் நன்றாக இருக்க வேண்டும். தளர்ந்த ஸ்கிரீனில் மூன்று வண்ண வேலையை இந்தத் துணியில் முயலவே வேண்டாம்.

சுருக்கத்தைச் சமாளிக்க நான் எப்போதும் செய்வது, அச்சிடும் முன்பே துணியைச் சுருங்க வைத்துவிடுவது. ஷார்ட்ஸைப் பேலட்டில் ஒட்டி, எந்த மையும் இடாமல், பின்னால் தரப்போகும் அதே அளவு ஃப்ளாஷை ஒரு முறை கொடுத்து, ரோலரால் மீண்டும் அழுத்திவிட்டு அச்சிடத் தொடங்குங்கள். சுருங்க வேண்டியதில் பெரும்பகுதி அப்போதே சுருங்கிவிடும். பேலட்டுகளும் வேலை தொடங்கும் முன்பே மிதமான சூட்டில் இருக்க வேண்டும். குளிர்ந்த பேலட்டில் அச்சிட்ட முதல் சில உருப்படிகள் ஒரு மாதிரியும், பேலட் சூடேறிய பிறகு வந்தவை வேறு மாதிரியும் இருப்பதைப் பலர் ஸ்கிரீன் நகர்ந்துவிட்டதாக நினைத்துத் திருத்தப் போய், சரியாக இருந்ததையும் கெடுத்துக்கொள்கிறார்கள். ஃப்ளாஷ் நேரத்தையும் இறுக்கிப் பிடியுங்கள். மை விரலில் ஒட்டாத அளவுக்குக் கெட்டியானால் போதும். சூட்டில் வெந்து கெட்டியாகும் பிளாஸ்டிக் வகை மையாகிய சாதாரண பிளாஸ்டிசாலுக்கு இது மேற்பரப்பில் 105 முதல் 120 டிகிரி செல்சியஸ் வாக்கில் நடந்துவிடும். அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு நொடியும் துணியைச் சுருக்குவதற்கும் துணியின் சாயத்தை மைக்குள் எழுப்புவதற்கும்தான் பயன்படுகிறது. அளவுக்கு மீறி வெந்த அடி மையின் மேல் அடுத்த வண்ணம் சரியாகப் பிடிக்காமல், துவைக்கும்போது உரிந்தும் வரலாம்.

இனி வடிவமைப்பு. மூன்று வண்ணங்களுக்கு மூன்று முறை ஃப்ளாஷ் கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் சின்னத்துக்கு ஒன்றே போதும். வெள்ளையையே கண்ணுக்குத் தெரியும் வெள்ளையாகவும் மஞ்சளுக்கு அடித்தளமாகவும் ஒரே ஸ்கிரீனில் அச்சிட்டு, அதை மட்டும் ஃப்ளாஷ் செய்து, பிறகு மஞ்சளையும் கறுப்பையும் ஈரத்தின் மேல் ஈரமாகவே அச்சிடலாம். மஞ்சளுக்குக் கீழே உள்ள வெள்ளையைச் சுற்றிலும் 0.3 முதல் 0.5 மில்லிமீட்டர் வரை உள்ளே ஒடுக்கிவிடுங்கள். கறுப்புக்குக் கீழே வெள்ளை தேவையே இல்லை, ஓரத்தில் சிறிது ஏறியிருந்தால் போதும். கறுப்பைக் கடைசியில் வைத்து, முடிந்தால் அதை எல்லா வண்ணங்களையும் சுற்றி வரும் தடித்த எல்லைக்கோடாக ஆக்குங்கள். வெள்ளையும் மஞ்சளும் சந்திக்கும் இடத்தின் மேல் 1.5 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு கறுப்புக் கோடு ஓடினால், அரை மில்லிமீட்டர் விலகல் யார் கண்ணுக்கும் படாது. டி-ஷர்ட்டுக்கு வரைந்த சின்னத்தை மாற்றாமல் அப்படியே இதில் இறக்க வேண்டும் என்று வாடிக்கையாளர் அடம்பிடித்தால், துளையுள்ள துணி அதை ஏற்காது என்பதை ஒரு மாதிரி அச்சிட்டுக் காட்டிவிடுவதே நல்லது. துளையைவிட மெல்லிய கோடு அந்தத் துளையில் அறுந்துபோகும். சிறு எழுத்துகளின் உட்கண்கள் அடைபடும். புள்ளிகளால் ஆன நிழல் விளைவு துளைகளோடு கலந்து அழுக்குபோலத் தெரியும். தட்டையான வண்ணம், தடித்த எழுத்து, தெளிவான எல்லைக்கோடு ஆகியவையே இந்தத் துணிக்குப் பொருந்தும்.

ஸ்கிரீன் மெஷ்ஷைப் பொறுத்தவரை வெள்ளைக்கு அங்குலத்துக்கு 110 இழையை ஒட்டியும், மேலே வரும் வண்ணங்களுக்கு 156 இழையை ஒட்டியும் வைத்தால் பெரும்பாலும் சரியாக அமையும். 70 டூரோமீட்டர் (ரப்பரின் கடினத்தைக் குறிக்கும் அளவு) ஸ்குவீஜி, கூர்மை மழுங்காத விளிம்பு, மிதமான அழுத்தம். மறைப்பு போதவில்லை என்று ஸ்குவீஜியை அழுத்தினால் மை இழையின் மேல் நிற்காமல் துளைக்குள் இறங்கி வீணாகும். இரண்டு இலேசான இழுப்புகள் ஒரு கனமான இழுப்பைவிட நல்ல பலன் தரும்.

இப்போது மைக்கு வருகிறேன். பாலியஸ்டருக்குப் போடப்படும் டிஸ்பர்ஸ் சாயம் சூட்டில் ஆவியாகி இடம்பெயரக்கூடியது. சப்ளிமேஷன் அச்சு முறையே இந்தக் குணத்தின் மேல்தான் நிற்கிறது. சாதாரண பிளாஸ்டிசால் முழுமையாக வேக ஏறத்தாழ 160 டிகிரி தேவை. பல சாயங்கள் 130 டிகிரியைத் தாண்டும்போதே எழத் தொடங்கிவிடும். எழுந்த சாயம் மேலுள்ள மையை நெகிழ்வாக வைக்கும் பிளாஸ்டிசைசரில் கரைந்து, வெள்ளையை இளஞ்சிவப்பாக்கும். கருஞ்சிவப்பும் மெரூனும் இதில் பேர்போனவை. டிரையரிலிருந்து தூய வெள்ளையாக வெளியே வந்தது சில நாள் கழித்து, சில வேளைகளில் வாரங்கள் கழித்து, வாடிக்கையாளரின் கையில் நிறம் மாறுவதுதான் இதன் கொடுமை. எனவே உங்கள் வெள்ளை, பாலியஸ்டருக்கென்று தயாரித்த, சாயம் ஏறுவதைத் தடுக்கும் லோ-பிளீட் வகையாகவும், 130 டிகிரியை ஒட்டி வேகும் லோ-க்யூர் வகையாகவும் இருக்க வேண்டும். துணி மிக மோசமாகச் சாயம் கக்கினால், கரி கலந்த சாம்பல் நிறத் தடுப்பு மையை வெள்ளைக்கு அடியில் இட வேண்டிவரும். ஆனால் அது இன்னொரு ஸ்கிரீனையும் இன்னொரு ஃப்ளாஷையும் கொண்டுவருவதால், ரிஜிஸ்ட்ரேஷனுக்காக நாம் சேமித்ததைத் திரும்பச் செலவழிக்கிறோம் என்பதை நினைவில் வையுங்கள். சோதனையில் தேவை என்று தெரியாமல் அதை எடுக்காதீர்கள். வலைத்துணி இழுபடும் என்பதால் மையில் நீட்சியும் வேண்டும்; உங்கள் மையின் தயாரிப்பாளரே தரும் ஸ்ட்ரெச் சேர்மானத்தை, அவர் சொல்லும் அளவுக்கு மிகாமல் கலக்கலாம். சிலிக்கான் மை நீட்சியிலும் சாயத் தடுப்பிலும் சிறந்தது. ஆயினும் வினையூக்கி கலந்த பின் குறிப்பிட்ட நேரத்துக்குள் அதைப் பயன்படுத்தி முடிக்க வேண்டும், பிளாஸ்டிசால் பட்ட ஸ்கிரீனிலும் கருவியிலும் அது கலந்துவிடக் கூடாது. பிளாஸ்டிசாலில் பழகிய கடைக்கு இந்த ஒரே ஆர்டருக்காக அதற்கு மாறச் சொல்ல எனக்கு மனமில்லை.

டிரையரின் சூட்டைப் பேனலில் தெரியும் எண்ணை வைத்து நம்ப வேண்டாம். மைப் படலத்தின் சூட்டை அளக்கும் டோனட் புரோபை ஷார்ட்ஸின் அச்சின் மேலேயே வைத்து ஓட்டிப் பாருங்கள். துளைத்துணியில் காற்று ஊடுருவுவதால் இதன் சூடேறும் வேகம் டி-ஷர்ட்டிலிருந்து மாறுபடும். வெளியே வந்தவற்றைச் சூட்டோடு அடுக்காதீர்கள். அடுக்கின் நடுவில் சூடு மணிக்கணக்கில் தங்கி, சாயம் தொடர்ந்து ஏறிக்கொண்டிருக்கும். சில லோ-பிளீட் மைகள் அப்படி அடுக்கியபோது மேலே கிடந்த துணியின் சாயத்தையே வெளுத்து, சின்னத்தின் நிழலைப் பதித்துவிடுவதும் உண்டு. விரித்து ஆறவிட்டு, கைச்சூடும் போன பிறகே மடியுங்கள்.

நேரடி அச்சே தேவையா என்பதையும் ஒரு முறை யோசியுங்கள். ஸ்கிரீன் பிரிண்ட் செய்த பிளாஸ்டிசால் டிரான்ஸ்ஃபரில் எல்லா வண்ணங்களும் தாளிலேயே பொருத்தப்பட்டுவிடுவதால் ரிஜிஸ்ட்ரேஷன் சிக்கல் அடியோடு நீங்கிவிடும். ஹீட் பிரஸ்ஸில் சில நொடி அழுத்தினால் முடிந்தது. அங்கும் அடுக்குகளுக்கு நடுவே டெஃப்லான் ஷீட்டும், தையல் மேடுகளைத் தவிர்க்க ஒரு பிரஸ் பேடும் வேண்டும். சூடு குறைவாகக் கேட்கும் டிரான்ஸ்ஃபரைத் தேர்ந்தெடுத்தாலொழியச் சாயச் சிக்கலும் அப்படியே தொடரும். டிடிஎஃப் (படலத்தில் அச்சிட்டுச் சூட்டில் துணிக்கு மாற்றும் முறை) படலம் துளைகளை மூடிக்கொண்டு நிற்பதால் நுண்ணிய வடிவமும் அறுபடாது, ஆனால் அந்த இடம் வலைத்துணியாக இருக்காது. சப்ளிமேஷன் வெளிர்நிறத் துணிக்கே உரியது. உங்கள் கருஞ்சிவப்பில் அது பயன்படாது. ஷார்ட்ஸை நீங்களே தைப்பவராக இருந்தால், வெட்டிய ஒற்றை அடுக்குத் துண்டில் அச்சிட்டுப் பிறகு தைப்பதற்கு இணையான வழி வேறு இல்லை. தைத்து வந்ததை வாங்கி அச்சிடுபவர் என்றால் என் கணிப்பு இது: மூன்று வண்ணம் வரை நேரடி அச்சு, நான்கும் அதற்கு மேலும் என்றால், குறிப்பாக எண்ணிக்கை குறைவான ஆர்டரில், டிரான்ஸ்ஃபர். இதில் மாறுபட்ட கருத்துள்ள நல்ல அச்சாளர்களும் இருக்கிறார்கள்.

மேலே தந்த சூடு, மெஷ் அளவுகளெல்லாம் தொடங்குவதற்கான அளவுகளே. உங்கள் மை டப்பாவோடு வந்த தொழில்நுட்பக் குறிப்பு வேறொன்று சொன்னால் அதையே பின்பற்றுங்கள். உங்கள் துணி எவ்வளவு சாயம் கக்கும் என்பதை இங்கிருந்து யாராலும் சொல்ல முடியாது. ஒரே நிறப் பெயரில் வரும் இரண்டு சாய லாட்டுகள்கூட வெவ்வேறாக நடந்துகொள்ளும். ஆகவே ஆர்டரின் அதே லாட்டிலிருந்து இரண்டு மூன்று ஷார்ட்ஸைக் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றில் வெள்ளையை மட்டும் அச்சிட்டு, உரிய சூட்டில் வேகவைத்து, மடித்து, 60 முதல் 70 டிகிரி சூடுள்ள அடுப்பிலோ பெட்டியிலோ இரண்டு நாள் வைத்துவிட்டு, புதிதாக அச்சிட்ட வெள்ளையோடு பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். இன்னொன்றில் மூன்று வண்ணங்களையும் அச்சிட்டு, ஒரு நாள் கழித்து இரு கைகளாலும் இழுத்து விரிசல் விடுகிறதா என்று பார்த்து, சில முறை துவைத்து, அதன் பிறகே மீதியை ஏற்றுங்கள்.